முனைவர் ஆய்வை நிறுத்தி, மீண்டும் முதுகலைக்கு



முனைவர் பட்ட ஆய்விலிருந்து நான் விலகிய செய்தி பள்ளி வட்டாரத்தில் மெல்லப் பரவிவிட்டது. பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "ஏன் டீச்சர், இவ்வளவு தூரம் வந்துவிட்டு?" என்பதுதான். அதைவிட வியப்போடு கேட்கப்படும் இரண்டாவது கேள்வி, "ஏற்கெனவே முதுகலை முடித்தவர், மறுபடியும் முதுகலைக்கா விண்ணப்பிக்கிறீர்கள்?" என்பது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்லிக் களைத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் ஆசிரியர்கள் சிலரை நான் அறிவேன். வெளியில் சொல்லத் தயங்கிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் ஆய்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளிப் படிநிலை இரண்டு மாணவர்களின் கட்டுரைகளில் காணப்படும் வலிமிகுதல் பிழைகள் என்பதே என் தலைப்பு. பகுதிநேரமாக, சொந்தச் செலவில், நான்கு ஆண்டுகள் அதில் கழிந்தன. மூன்று பள்ளிகளில் கட்டுரைகளைத் திரட்டினேன். சுட்டெழுத்துகளுக்குப் பின், இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின், வினையெச்சங்களுக்குப் பின் என்று பிழைகளை வகைப்படுத்தி அட்டவணை போட்டேன். அந்த வேலை எனக்குப் பிடித்தே இருந்தது. இன்றும் ஒரு திருமண அழைப்பிதழில் ஒற்று விடுபட்டிருந்தால் மணமக்கள் பெயரைவிட அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

ஆனால், திரட்டிய கட்டுரைகளில் பத்துப் பன்னிரண்டு தாள்களை எந்த அட்டவணையிலும் சேர்க்க முடியவில்லை. அவற்றில் ஒற்றுப் பிழையைத் தேடுவதற்கே வழியில்லை. சொற்களே உருப்பெறவில்லை. 'பலகை' என்பது 'பகலை' ஆகியிருந்தது. 'கொடி' என்னும் சொல்லில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நின்றது. ஒரே தாளில் 'மரம்' என்னும் சொல் மூன்று வேறு வடிவங்களில் இருந்தது. ஆய்வுமுறைப்படி அவற்றைத் 'தகுதியற்ற தரவு' என்று குறித்து ஓர் உறையில் போட்டேன். அது முறையான செயல்தான். நாம் கேட்கும் கேள்விக்கு விடை தராத தரவை வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய இயலாது. எனினும், இரவில் அட்டவணைகளைத் திருத்த உட்கார்ந்தால் கை அந்த உறைக்குத்தான் போயிற்று.

அத்தாள்களை எழுதிய பிள்ளைகளில் இருவர் என் பள்ளியைச் சேர்ந்தவர்கள். இருவரும் வாய்மொழியில் சுட்டியானவர்கள். அவர்களில் ஒருவன் பள்ளிக் கதை சொல்லும் போட்டியில் பரிசு பெற்றவன். எழுதச் சொன்னால் மட்டும் பென்சில் தொலைந்துவிடும், வயிறு வலிக்கும், கழிப்பறைக்குப் போக வேண்டும். ஆசிரியர் அறையில் இத்தகைய பிள்ளைகளுக்கு நாம் சூட்டும் பெயர்களை இங்கே எழுத வேண்டாம். எல்லாருக்கும் தெரியும்.

இச்சிக்கல் புதியதன்று. 1896-ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். அறிவும் சுறுசுறுப்பும் நிறைந்த அச்சிறுவனுக்கு வாசிப்பு மட்டும் கைகூடவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மோர்கன் பதிவு செய்திருக்கிறார். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலான அக்குறிப்பைப் படித்தபோது அச்சிறுவனை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று தோன்றியது. பெற்றோர் பலர் 2007-இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்ற இந்தித் திரைப்படத்தின் வழியாகத்தான் டிஸ்லெக்சியா என்ற சொல்லையே அறிந்தனர்.

நம் பிள்ளைகளின் நிலையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதலாம் ஆண்டிலேயே அவர்கள் மூன்று மொழிகளை வாசிக்கத் தொடங்குகின்றனர். மலாய்மொழி அசை அசையாகப் பிரிந்து, எழுதியபடியே ஒலிப்பது. தமிழ் அப்படியா? 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிரின் குறி இடப்பக்கம் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இருபுறமும் நிற்கிறது. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலிப்பு வேறுவேறு. போதாக்குறைக்கு, வீட்டில் 'வந்துட்டேன்' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'வந்துவிட்டேன்' என்று வாசிக்க வேண்டும். ஆகவே, மலாய் வாசிப்பைக் கொண்டு ஒரு பிள்ளையைச் சோதித்து 'இவனுக்குச் சிக்கல் இல்லை' என்று முடிவு கட்டினால், தமிழில் அவன் படும் பாடு கண்ணில் படாமலே போகலாம். இது என் வகுப்பறைக் கணிப்பு. இதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ எனக்கு அப்போது பயிற்சி இல்லை. இலக்கணத்தை வைத்துக்கொண்டு இதற்குள் நுழைய முடியாது. குழந்தை உளவியல், அளவீடு, புள்ளியியல் எல்லாம் வேண்டும்.

என் மேற்பார்வையாளரிடம் உறையோடு போனேன். பொறுமையாகக் கேட்டார். "நல்ல கேள்விதான் அம்மா. ஆனால், இது உங்கள் தலைப்பு இல்லை. இதை முடியுங்கள். பிறகு அதைப் பார்க்கலாம்" என்றார். அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எனக்கு வயது 44. ஆய்வேட்டை எழுதி, வாய்மொழித் தேர்வு முடித்து, திருத்தங்களும் செய்து முடிக்க, பள்ளி வேலையோடு, குறைந்தது இரண்டரை ஆண்டுகள். அதன் பிறகு புதிய துறையில் அடிப்படைப் படிப்புக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள். ஐம்பதை எட்டும்போதுதான் நான் தொடங்கவே முடியும். ஓய்வுபெறும் வயது 60. இப்போதே தொடங்கினால் வகுப்பறையில் பயன்படுத்த ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் கிடைக்கும். பட்டம் பெற்ற பின் என்றால் ஏறத்தாழப் பத்துதான். இந்த வேறுபாட்டில் எத்தனை பிள்ளைகள் படிநிலை ஒன்றைக் கடந்து போய்விடுவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். முடிவு அங்கேயே உறுதியாகிவிட்டது.

அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "கோயில்ல பாக்கிறவங்ககிட்ட எல்லாம் மக டாக்டருக்குப் படிக்கிறான்னு சொல்லிட்டேனேம்மா" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. 'முனைவர்' என்ற சொல்லுக்கு நம் சமூகத்தில் இருக்கும் மதிப்பு அத்தகையது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறைக்கு அது வெறும் பட்டமன்று. அம்மா இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தாமாகவே, "அந்தப் பிள்ளைங்க இப்ப படிக்குதுங்களா?" என்று கேட்டார்.

இனி விண்ணப்பிக்கும் வேலைக்கு வருகிறேன்.

விலக முடிவு செய்பவர்கள் எழுத்து வடிவில் முறையாக விலகுங்கள். கட்டணம் கட்டாமல், பதிவைப் புதுப்பிக்காமல், மெல்ல மறைந்துவிடுவது நம்மிடையே பரவலான பழக்கம். அப்படிச் செய்தால் பதிவேட்டில் உங்கள் நிலை 'நீக்கம்' என்று இருக்கும். முறையாக விலகினால் 'விலகல்' என்று இருக்கும். புதிய விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு இவை இரண்டும் வெவ்வேறு மனிதர்கள். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து, நிலுவையைத் தீர்த்து, விலகலை உறுதிப்படுத்தும் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் சொந்தப் பணத்தில் படித்ததால் அத்தோடு முடிந்தது. அமைச்சின் உதவித்தொகையில், படிப்பு விடுப்பில் சென்றவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் படிக்க வேண்டும். அதைப் படிக்காமல் எந்தக் கடிதமும் எழுத வேண்டாம்.

அடுத்து, ஏன் முதுகலை? மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் முதுகலை ஏழாம் நிலை, முனைவர் பட்டம் எட்டாம் நிலை. எட்டிலிருந்து ஏழுக்கு இறங்குவதாகப் பலரும் எண்ணுகின்றனர். புதிய துறையில் நான் எந்த நிலையிலும் இல்லை என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. துறையின் அடிப்படை தெரியாமல் நேரே ஆய்வில் இறங்கினால் பிறர் உருவாக்கிய கருவியைத் தமிழில் பெயர்த்து வைப்பதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. 'மொழிபெயர்த்த வினாநிரல்' என்னும் நோய் நம் கல்வி ஆய்வுகளில் ஏற்கெனவே அதிகம் என்பது என் கருத்து.

முதுகலையை மூன்று வழிகளில் படிக்கலாம்: பாடங்கள் வழி, ஆய்வு வழி, இரண்டும் கலந்த வழி. பாடங்கள் வழிப் படிப்புக்குக் குறைந்தது 40 கிரெடிட் மணிநேரம் வேண்டும். முனைவர் ஆய்விலிருந்து வருபவர்களுக்கு ஆய்வு வழிதான் எளிது என்று தோன்றும். நான் பாடங்கள் வழியைத் தேர்ந்தெடுத்தேன். கற்க வேண்டியது மிகுதி என்பது ஒரு காரணம். நான்கு ஆண்டுகள் தனியாக உட்கார்ந்து எழுதியவளுக்குப் பக்கத்து மேசையில் ஓர் ஆள் வேண்டும் என்பது மற்றொன்று. வாரந்தோறும் ஒரு வகுப்பு, ஒரு கெடு, கேள்வி கேட்க ஒரு விரிவுரையாளர் என்ற ஒழுங்கு எத்தகைய வரம் என்பது அதை இழந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தகுதியைப் பொறுத்தவரை, இளங்கலையில் 2.50 புள்ளி என்பது பொதுவான அளவு. அதற்குக் கீழே இருந்தாலும் தொடர்புடைய பணி அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள விதியில் இடமுண்டு. துறை மாறி வருபவர்களுக்கு முன்தேவைப் பாடங்கள் விதிக்கப்படலாம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழ் எடுத்து, பிறகு தமிழிலேயே இளங்கலையும் முதுகலையும் படித்த எனக்கு இது பொருந்தும் என்று எதிர்பார்த்தேன். சிறப்புக் கல்வித் துறையில் முதுகலை நடத்தும் அரசுப் பல்கலைக்கழகங்கள் நம் நாட்டில் உண்டு. 1922-இல் தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமாகிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆசிரியர்கள் நன்கறிந்த ஒன்று. நான் விண்ணப்பித்த மூன்றின் பெயர்களை மட்டும் சொல்லப் போவதில்லை. கேட்டுத் தொலைபேசியில் அழைக்கவும் வேண்டாம்!

விண்ணப்பப் பாரத்தில் விலகிய படிப்பைக் குறிப்பிட வேண்டுமா? பலர் கேட்கும் கேள்வி இது. பெற்ற பட்டங்களை மட்டும் கேட்கும் பாரங்கள் உண்டு. இதுவரை பதிந்த எல்லாப் படிப்புகளையும் கேட்பவையும் உண்டு. நான் மூன்றிலும் குறிப்பிட்டேன். மறைத்துச் சேர்ந்து, பிறகு ஒரு நாள் பதிவேட்டில் அது வெளிப்பட்டால் நம் சொல்லுக்கு மதிப்பிராது. மேலும், அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு வெட்கமும் இல்லை. தரவு திரட்டுவதும், குறியிடுவதும், ஒரு கூற்றுக்குச் சான்று கேட்பதும் அங்கேதான் எனக்குப் பழகின.

நோக்க அறிக்கையில் இதற்கு மூன்று வரிகள் கொடுத்தேன். என் தலைப்பு இது. தரவு திரட்டும்போது என் ஆய்வு வடிவமைப்புக்குள் அடங்காத எழுத்துச் சிக்கல்களைக் கண்டேன். அவற்றை ஆராயத் தேவையான பயிற்சியைப் பெறும் பொருட்டு ஆய்விலிருந்து விலகினேன். அவ்வளவுதான். எஞ்சிய ஒன்றரைப் பக்கமும் இனிச் செய்ய விரும்புவதைப் பற்றியது: இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் தமிழ் வாசிப்புச் சிக்கலை ஆசிரியரே அடையாளம் காண உதவும் ஒரு சோதனைக் கருவி, அதற்கு நான் கற்க வேண்டிய பாடங்கள், அவர்களின் பாடத்திட்டத்தில் அவை எங்கெங்கே உள்ளன என்பவை. விலகலை விளக்கி இரண்டு பக்கம் எழுதினால் படிப்பவர் மனத்தில் விலகல் மட்டுமே நிற்கும்.

நற்சான்றுக் கடிதங்களுக்கு என் தலைமையாசிரியரையும் பழைய மேற்பார்வையாளரையும் கேட்டேன். "விட்டுப் போன மாணவிக்கு அவர் எழுதித் தருவாரா?" என்று தோழி ஒருவர் ஐயுற்றார். எழுதித் தந்தார். நேரே பல்கலைக்கழகங்களுக்கே அனுப்பிவிட்டதால் அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முறையாக விடைபெற்று வந்தால் இத்தகைய கதவுகள் அடைபடுவதில்லை.

மூன்று விண்ணப்பங்களில் முதலாவது மறுக்கப்பட்டது. இளங்கலைத் துறை பொருந்தவில்லை என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது. இரண்டாவது இடத்தில், தமிழ் எழுத்துமுறையை ஒட்டிய திட்ட ஆய்வுக்கு வழிகாட்ட ஆளில்லை என்றனர். வருத்தம் தந்தாலும் நேர்மையான விடை. தமிழ் தெரிந்த சிறப்புக் கல்வி வல்லுநர்கள் நம் நாட்டில் எத்தனை குறைவு என்பதை அந்த மின்னஞ்சல் எனக்கு உணர்த்தியது. மூன்றாவது இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

மூவர் இருந்தனர். முதல் கேள்வியே அதுதான்: "ஒன்றை இடையில் விட்டீர்கள். இதையும் விடமாட்டீர்கள் என்பதற்கு என்ன உறுதி?" வாழ்க்கையில் யாரும் அத்தகைய உறுதியைத் தர இயலாது என்று சொன்னேன். ஆனால், எந்தப் பருவத்தில் எத்தனை பாடங்கள், எந்தப் பள்ளி விடுமுறையில் களப்பணி, கட்டணம் எங்கிருந்து வரும் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். அதை நீட்டினேன். கட்டணத்தைப் பற்றி ஒரு செய்தி: முதுகலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கு, எத்துறையாயினும், சொந்தக் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு, பெற்றோர் ஒப்புதலோடு, பெயர் மறைத்து எடுத்துச் சென்ற இரண்டு தாள்களைக் காட்டினேன். மூவருக்கும் தமிழ் தெரியாது. வெள்ளைத் தாளில் 'கொ' என்று பெரிதாக எழுதி, எந்தக் கோட்டை முதலில் எழுதுகிறோம், எந்த ஒலி முதலில் வருகிறது என்று விளக்கினேன். நடுவில் அமர்ந்திருந்த பேராசிரியர் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பிழை எழுத்துமுறையால் வருகிறதா, பிள்ளையின் சிக்கலால் வருகிறதா?" என்று கேட்டார். "அதைப் பிரித்தறியத் தெரியாததால்தான் இங்கே வந்திருக்கிறேன்" என்றேன். அதன் பிறகு விலகலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எஞ்சிய நேரம் முழுவதும் தமிழ் எழுத்துகளைப் பற்றியே பேசினோம்.

ஐந்து வாரம் கழித்து இடம் கிடைத்தது, இரண்டு முன்தேவைப் பாடங்கள் என்ற நிபந்தனையோடு. ஏற்றுக்கொண்டேன். வகுப்புகள் சனிக்கிழமைகளில்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். வாயால் கதை சொல்லும் பிள்ளை எழுத மட்டும் மறுத்தால், அடிப்பதற்கு முன் ஆசிரியரிடம் பேசுங்கள். கண்ணையும் காதையும் மருத்துவரிடம் சோதியுங்கள். கற்றல் சிக்கல் உள்ள பிள்ளைகளை மாற்றுத்திறனாளிகளாகப் பதிவு செய்துகொள்ள நம் நாட்டில் வழியுண்டு. அந்த அட்டை பிள்ளையின் நெற்றியில் ஒட்டப்படுவதன்று. கல்வி உதவியைக் கேட்டுப் பெற அது பயன்படும். சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கக் கூடாது என்ற கொள்கை 2019-இலிருந்து நடைமுறையில் உள்ளது. நான் வல்லுநர் இல்லை, மாணவி மட்டுமே. ஆகவே, "டீச்சர் சொன்னாங்க" என்று மருத்துவரிடம் வாதாட வேண்டாம்.

முன்தேவைப் பாடங்களில் ஒன்று அடிப்படைப் புள்ளியியல். இருபத்தைந்து ஆண்டுகளாக நான் தொடாத கணிதம். வகுப்பு தொடங்குவதற்குள் தயாராகலாம் என்று மகளின் நான்காம் படிவக் கணித நூலை இரவல் வாங்கியிருக்கிறேன். இரவு உணவுக்குப் பின் இருவரும் ஒரே மேசையில் உட்காருகிறோம். திட்டவிலக்கம் வரை வந்துவிட்டேன். என் பயிற்சிகளை அவள்தான் திருத்துகிறாள், சிவப்பு மையில்.